இன்னொரு பணிசெயல் முறைமை எதற்கு?

கணினியில் இன்னொரு திறந்த மூலப் பணிசெயல் முறைமையை நிறுவுவதா, வேண்டாமா என்னும் வினா நம் மாணவரிடையே உடை தெரிவு செய்வது போன்ற சுவைப் பிரச்சினையாகவே பேசப்படுகின்றது. இன்று உபுண்டு, அடுத்த வாரம் மின்ற், அதற்கடுத்த வாரம் வேறொன்று. மறுபுறத்தில், விண்டோஸன்றி வேறெதனையுந் தீண்டோமெனச் சபதஞ் செய்தோர். வன்னி மண்ணில் அவ்வினா எங்கிருந்து எழுகின்றதென்பதை இவ்விரு சாராரும் நோக்குவதில்லை. இரண்டு கிகாபைற் நினைவகத்தோடு இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் பழைய கணினியிலிருந்தே அது எழுகின்றது.

2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10இற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ற் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. தவணை நீட்டிப்புக்கு வழியுண்டு, அது தவணையே. விண்டோஸ் 11இற்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும், நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்ற செயலியும் வேண்டும். இவையற்ற கணினி பழுதானதன்று. ஒரு நிறுவனத்தின் திட்டத்துக்குப் புறம்பானது, அவ்வளவே. அதனைக் கழிவென்று ஒதுக்குவோர், அல்லது களவாடிய பிரதியொன்றை ஏற்றிச் சமாளிப்போர், தம் தீர்மானத்தைப் பிறரிடம் ஒப்படைத்தவராவர்.

1990களிற் பொருளாதாரத் தடையின்கீழ் வாழ்ந்த வன்னி மக்கள் மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டினர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஜாம் போத்தலிற் சிறிது எண்ணெயிட்டுத் திரிகொளுத்திப் படித்தனர். அந்நாட்களைப் பெருமையாகப் பாடவேண்டுமென்பது எம் கருத்தன்று; இல்லாமை எவருக்கும் அணிகலனாகாது. ஆயின், ஒரு பொருளின் ஆயுள் முடிந்ததா என்பதை அதனைப் பயன்படுத்துவோரே தீர்மானிப்பர் என்னும் தெளிவு அன்று இருந்தது.

திறந்த மூல உலகம் குற்றமற்றதென்பாரும் உளர். அதுவும் முழு உண்மையன்று. உபுண்டு 24.04 தன் வழக்கமான மேசைத்தளத்துக்கு 4 கிகாபைற் நினைவகத்தைப் பரிந்துரைக்கின்றது. 2025 ஓகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிற் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. ஆகவே நம் பழைய கணினியில் உபுண்டு தவழுமாயின், இலேசான மேசைத்தளமுடைய லுபுண்டுவையோ, எக்ஸ்எப்சிஈ கொண்ட டெபியனையோ நிறுவுவது தேவையின் பாற்பட்டது. 32 பிற் கணினியெனின், 2028 யூன் வரை நீண்டகாலத் திருத்தங்கள் பெறும் டெபியன் 12 உண்டு. “இன்னொன்று எதற்கு?” என்போர்க்கு இதுவே விடை.

நல்ல நினைவகமும் சீராக இயங்கும் உபுண்டுவும் உடையவர் மின்ற்றுக்குத் தாவுவதோ வேறு கதை. டெபியனிலிருந்து 2004இல் உபுண்டுவும், உபுண்டுவிலிருந்து 2006இல் மின்ற்றும் தோன்றின. இரணைமடு நீரை இடதுகரை வாய்க்காலில் அள்ளினாலென்ன, வலதுகரை வாய்க்காலில் அள்ளினாலென்ன? வாய்க்கால் மாறுவோர் வயலை எப்போது உழப்போகின்றனர்?

தமிழைக் காட்டித் தடைசொல்வோர் கூற்றும் ஆராயத்தக்கது. ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பு லினக்ஸிலும் உண்டு. பாமினியில் தட்டெழுதிய பழைய ஆவணங்கள் அங்கு ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றுதல் மெய்யே. அவ்வெழுத்துரு இல்லையேல் விண்டோஸிலும் அவ்வாறே தோன்றும். குறை ஒருங்குறிக்கு மாறாத நம்முடையது. வேலைத்தலங்களில் விண்டோஸ்தானே என்பாரோ கேரளத்தை நோக்குக. அங்கு 2001இல் ஆரம்பிக்கப்பட்ட பாடசாலைக் கணினிக் கல்வித்திட்டம் பின்னர் கட்டற்ற மென்பொருளுக்கே மாறியது. அதனால் அம்மாநில இளைஞர்க்குக் கணினித்துறை மூடிவிடவில்லை.

நிறுவுமுன் பென்ட்ரைவிலிருந்தே இயக்கிப் பார்த்துவிடலாம். ஆவணங்களைப் பிரதிசெய்து வைப்பின் இழப்பதற்கொன்றுமில்லை. நிறுவிய பின்னர், அச்சுப்பொறி அசையாத நாளில் கிராமப் பாடசாலை ஆசிரியர் எவரை அழைப்பார் என்பதே கடினமான வினா. அழைக்க ஆளில்லாத வழங்கல், எத்துணைச் சிறந்ததாயினும், ஒரு மாதத்தில் மேசையினின்றும் இறங்கிவிடும். பம்பைமடுவிலும் அறிவியல் நகரிலும் பயிலும் நாம், ஒரே வழங்கலைத் தெரிந்தெடுத்து, ஒரு பாடசாலையின் கணினிகளையேனும் ஈராண்டு பொறுப்பேற்க ஆயத்தமா?