புது வீட்டில் செருப்புக்கு எங்கே இடம்?

புதுசா வீடு கட்டும்போது பிளானில் என்னவெல்லாம் பார்க்கிறார்கள்! பூஜை அறை எந்த மூலை, அடுப்பு எந்தப் பக்கம், டிவி எந்தச் சுவர், ஏசிக்கு எங்கே பாயிண்ட்... எல்லாம் இருக்கும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் தினமும் நாலு தடவையாவது கழற்றி மாட்டும் செருப்புக்கு மட்டும் அந்தத் தாளில் ஒரு கோடு கூட இருக்காது.

கேட்டால், "அதுக்கென்ன, குடி போனப்புறம் ஒரு ஸ்டாண்டு வாங்கி வெச்சா போச்சு" என்பார்கள். வாங்குவார்கள்தான். ஆனால் எங்கே வைப்பது? உள்ளே வைத்தால் கதவு முழுசாகத் திறக்காது. அதனால் அது வாசலுக்குப் போகும். தனி வீடு என்றால் மழையில் நனையும், ஷூவுக்குள் தேளோ பூரானோ குடியேறும். ஃபிளாட் என்றால் பொது நடைபாதைக்கு வரும். எதிர் வீட்டுக்காரரோடு முதல் சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

சண்டை கூடப் பரவாயில்லை. தீப்பிடித்தால் எல்லோரும் ஓடி வரவேண்டிய வழி அது. அதை அடைக்கக்கூடாது என்று 2016-ம் வருடத்து தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சொல்கிறது. கரண்ட் போன ராத்திரியில் அந்தக் குவியலில் கால் இடறி விழப்போவது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் தாத்தாவோ பாட்டியோதான்.

இதற்குப் பணம் காரணமில்லை. செருப்பு என்றாலே தீட்டு, அதைப்பற்றி யோசிப்பானேன் என்ற எண்ணம்தான். விநோதம் என்னவென்றால், வீட்டுக்குள் செருப்பு வரக்கூடாது என்று நம்மைப் போலவே கறாராக இருக்கும் ஜப்பான்காரர்கள் அதற்காகவே வாசலில் 'கென்கான்' என்று ஓர் இடம் கட்டுகிறார்கள். தரை ஒரு படி தாழ்ந்திருக்கும், பக்கத்திலேயே செருப்பு அலமாரி. அழுக்கு அந்தப் படியைத் தாண்டாது. நம் பழைய வீடுகளிலும் திண்ணையும் கால் கழுவத் தண்ணீரும் இருந்தன. திண்ணையை எடுத்துவிட்டோம், அது செய்த வேலையை யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போது அந்த வேலை அம்மா தலையில்! இறைந்து கிடப்பதை தினமும் குனிந்து அடுக்குவது வேறு யார்?

சரி, கணக்குக்கு வருவோம். நாலு பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு மூன்று ஜோடி, ஆக 12 ஜோடி. ஒரு ஜோடிக்கு 9 அங்குல அகலம். 3 அடி அகலத் தட்டில் நாலு ஜோடி. மூன்று தட்டு போதும். ஆழம் 14 அங்குலம். மொத்தம் அடைக்கும் இடம் மூன்றரை சதுர அடி. சதுர அடி 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 21,000 ரூபாய்தான். 1,000 சதுர அடி வீட்டில் அரை சதவீதம் கூட இல்லை!

இன்னும் சில விஷயங்கள். அலமாரிக் கதவில் காற்றுப் போக இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை பிடித்து நாறும். ஈரக் குடைக்கும் மழைக்கோட்டுக்கும் நாலு கொக்கி, கீழே சொட்டும் தண்ணீருக்கு ஒரு தட்டு. ஹெல்மெட்டுக்கு ஒரு மேல் தட்டு. முட்டி வலிக்காரர்கள் உட்கார்ந்து ஷூ மாட்ட ஒன்றரை அடி உயரத்தில் ஒரு சின்னத் திட்டு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் ஸ்வெட்டருக்கும் கோட்டுக்கும் இன்னும் இரண்டடி அகலம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சுவர் எழும்புவதற்கு முன்னால் சொல்லவேண்டியவை. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதை அப்போதுதான் மாற்றமுடியும். அதனால் உங்கள் வீட்டில் பிளான் போடும் பேச்சு வந்தால், பூஜை அறைக்கு மூலை பார்த்து முடித்த கையோடு இஞ்சினியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், செருப்பை எங்கே விடுறது?"

பெரும்பாலும் அவர் பேனாவை எடுத்து அப்போதுதான் யோசிக்க ஆரம்பிப்பார்...