தெரிந்தவர்கள் தமிழில் சொல்ல வேண்டும்

அந்த அறைக்குள் போக வேண்டுமானால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். எங்கள் பள்ளியில் ஏ.சி. இருந்த ஒரே அறை அதுதான். 1984-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, முதலில் நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்கு பி.பி.சி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டரைக் கொடுத்தது. டில்லியில் நான் படித்த பள்ளிக்கும் அது வந்தது. அதன் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் அடங்காது.

பேசிக் மொழியில் மூன்று வரி அடித்தேன்; திரையில் ஏழாம் வாய்ப்பாடு மளமளவென்று வந்து விழுந்தது. தப்பாக அடித்தால் 'மிஸ்டேக்' என்று மட்டும் சொல்லும். திட்டாது, காதைத் திருகாது. எத்தனை முறை தப்புச் செய்தாலும் அடுத்த முறைக்குத் தயாராக நிற்கும். அப்படி ஓர் ஆசிரியரை நான் அதுவரை பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் மேல் வந்த காதல் அன்று வந்ததுதான்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்டாள், "அந்தப் பெட்டி என்னடா பண்ணும்?" சமையலுக்கு எழுதிக் கொடுக்கிற குறிப்பு மாதிரி நாம் எழுதிக் கொடுத்தால் அப்படியே செய்யும், உப்பு என்று எழுத மறந்தால் உப்புப் போடாது என்றேன். "அப்போ அதுக்குன்னு சொந்தப் புத்தி கிடையாதுன்னு சொல்லு" என்றாள். என் முதல் தொழில்நுட்பக் கட்டுரை அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. வாசகி ஒருவர்தான், ஆனால் முழுக்கப் புரிந்துகொண்ட வாசகி.

இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து மாமி ஒருவர் என்னைத் தனியே அழைத்துக் கைப்பேசியைக் காட்டினார். பழைய சோபாவை விற்க விளம்பரம் கொடுத்திருக்கிறார். வாங்க வந்தவர், "பணம் அனுப்புகிறேன்; இந்தக் கோட்டை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்று அவசரப்படுத்தினாராம். மாமி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், படிப்புக்குக் குறைவில்லை. வங்கி அனுப்பும் எச்சரிக்கைகளோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகின்றன; படித்தும் மனத்தில் பதியவில்லை என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "மாமி, செக்கில் கையெழுத்துப் போடுவது பணம் கொடுப்பவரா, வாங்குபவரா?" ஒரு கணம் யோசித்தார். "அடப் பாவி!" என்றார். பின் நம்பர் என்பது கையெழுத்து. பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை. இதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

வீடியோவில் போலீஸ் உடையில் தோன்றி, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் பற்றிப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் எச்சரித்தார். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். இவையெல்லாம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழில் இவற்றைச் சொல்ல முடியாது என்பது சோம்பேறிகள் வாதம். பெங்களூர் பி.இ.எல். நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப் பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்ட சுஜாதா, 'ஏன்? எதற்கு? எப்படி?' என்று வாரப் பத்திரிகையிலேயே விஞ்ஞானம் சொல்லிக் காட்டினார். அவரும் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டுதான் நிறைய எழுதினார். கணிப்பொறியா, கணினியா, கம்ப்யூட்டரா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு மூன்றும் சம்மதமே. கேட்பவருக்கு எது புரிகிறதோ அதுவே நல்ல சொல்.

"எல்லாம்தான் ஆங்கிலத்தில் கிடைக்கிறதே, பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள்" என்கிறார்கள். பிள்ளைகள் புனேயிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். மோசடிக்காரனின் தொலைபேசி வருவது காலை பதினொரு மணிக்கு, பெரியவர்கள் வீட்டில் தனியாக இருக்கும்போது. அந்த நேரத்தில் உதவுவது ஏற்கெனவே தாய்மொழியில் கேட்டு மனத்தில் பதிந்த விஷயம் மட்டுமே.

ஆகவே என் கோரிக்கை இதுதான். நம் சங்கத்தில் கம்ப்யூட்டர் துறையில் இருப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. சிறு வயதில் அதன்மேல் ஆசைப்பட்டு வந்தவர்கள்தான் பலரும். அந்த ஆசை நமக்கு வேலை கொடுத்தது, வீடு கொடுத்தது. மாதம் ஒருவர், இந்த இதழில் ஒரு பக்கம், ஒரே ஒரு விஷயத்தை எளிய தமிழில் எழுதினால் போதும். எழுதி முடித்ததும் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியவில்லை என்றால் 'மிஸ்டேக்' நம்முடையது. திருத்தி எழுதுவோம்.

முதல் பக்கத்தை நான் எழுதித் தருகிறேன். அடுத்தது யார்?