தேடினேன், கிடைக்கலை... அப்போ இல்லையா?

செமஸ்டர் நெருங்குது. நாலு நாளா சரியான தூக்கம் இல்லை. உதட்டோரம் லேசா ஒரு எரிச்சல். மறுநாள் பார்த்தா, கொத்தா சின்னச் சின்னக் கொப்புளங்கள். 'ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்'பாங்க வீட்டுல. ஹாஸ்டல்ல சொல்றது பிரசுரத்துக்கு ஆகாது!

பாஸ், பெரும்பாலும் இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ், டைப் 1 பண்ற வேலை. வெட்கப்பட ஒண்ணுமே இல்லை. உலகத்துல 50 வயசுக்குக் கீழே இருக்கிறவங்கள்ல சுமார் 380 கோடிப் பேர்கிட்ட, அதாவது நூத்துக்கு 64 பேர்கிட்ட இது இருக்குன்னு உலக சுகாதார நிறுவனமே கணக்கு சொல்லுது. பலருக்குச் சின்ன வயசுலயே எச்சில் வழியா வந்து சேர்ந்துடும். வந்ததே தெரியாது.

புண் ஆறிடும். ஆனா வைரஸ்? க்ளியர் பண்ணாத அரியர் மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். மண்டையோட்டின் அடிப்பகுதியில் 'ட்ரைஜெமினல் கேங்லியான்'னு ஒரு நரம்பு முடிச்சு இருக்கு. முகத்தோட தொடு உணர்ச்சி எல்லாம் அது வழியாத்தான் மூளைக்குப் போகுது. அங்கே நரம்பு செல்லின் நியூக்ளியஸுக்குள்ள, சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு வெறும் டி.என்.ஏ.வா தூங்குது நம்ம ஆளு. தூங்குற ஆளை எப்படிப் பிடிக்கிறது? கதையே இங்கேதான் சூடு பிடிக்குது.

அரைச்சா கிடைக்காது!

ஹெர்பிஸ் நரம்பு முடிச்சுலதான் ஒளிஞ்சிருக்கணும்னு ரொம்ப காலமா சந்தேகம் இருந்துச்சு. நிரூபிக்கத்தான் முடியலை. 1971-ல அமெரிக்காவுல ஜாக் ஸ்டீவன்ஸ், மார்ஜோரி குக்னு ரெண்டு பேர் எலியோட பாதத்துல வைரஸை ஏத்தினாங்க. எலி தேறின பிறகு, அதோட தண்டுவட நரம்பு முடிச்சுகளை எடுத்து அரைச்சுப் பார்த்தா வைரஸ் இல்லை. அதே முடிச்சை அரைக்காம, உயிரோட கிண்ணத்துல வச்சு சில நாள் வளர்த்தா... வைரஸ் எழுந்து வந்துடுச்சு!

விதையை மிக்ஸியில அடிச்சுட்டு 'இதுக்குள்ள மரம் இல்லை'ன்னு சொல்ற மாதிரிதான் முதல் டெஸ்ட். ரெண்டாவது டெஸ்ட் தண்ணி ஊத்திக் காத்திருந்துச்சு. ஆனா அதுலயும் ஒரு சிக்கல். முளைக்காத விதையை அது காட்டாது.

அடுத்து வந்தது பி.சி.ஆர். கொரோனா புண்ணியத்துல இந்தப் பேர் தெரியாத ஆளே இல்லை. டி.என்.ஏ. துண்டை ரெண்டாக்கி, நாலாக்கி, எட்டாக்கிட்டே போகும். கணக்குப்படி 30 சுற்றுல ஒண்ணு 107 கோடி ஆகிடும். தூங்குற வைரஸும் தப்பாது. ஆனா மொத்த முடிச்சையும் அரைச்சுப் போட்டா, ஆயிரம் காப்பி ஒரே செல்லுல இருந்துச்சா, ஆயிரம் செல்லுல ஒண்ணொண்ணா இருந்துச்சான்னு தெரியாது. அதனால 1997-ல நான்சி சாட்டெல், எலியோட நரம்பு செல்களைத் தனித்தனியாப் பிரிச்சு டெஸ்ட் பண்ணாங்க. சில செல்லுல பத்துக்கும் கம்மி, சிலதுல ஆயிரத்துக்கும் மேல!

1987-ல ஸ்டீவன்ஸ் குழு இன்னொரு வழி காட்டுச்சு. வைரஸ் தூங்கும்போதும் ஒரு ஆர்.என்.ஏ.வை மட்டும் நிறைய உண்டாக்குது, ஒருவகைக் குறட்டைன்னு வச்சுக்கங்க. அதுல போய் ஒட்டிக்கிற மாதிரி ஒரு துண்டைத் தயார் பண்ணி அனுப்பினா, எந்த செல்னு மைக்ராஸ்கோப்புல பளிச்சுனு காட்டிக்கொடுத்துடும். ஆனா தூங்குற எல்லாருமா குறட்டை விடறாங்க? வைரஸ் டி.என்.ஏ. இருக்கிற பல செல்லுல இந்த சிக்னல் வர்றதே இல்லை.

இல்லாததும் தெரியும்!

உல்டாவும் நடந்திருக்கு. ஹெர்பிஸோட சொந்தக்காரன்தான் அம்மை போட்டுட்டு ஒளிஞ்சிருந்து, பின்னால அக்கியா வர்ற வைரஸ். நரம்பு செல்லுல அதோட புரதம் இருக்குன்னு ஆன்டிபாடி வச்சுச் சாயம் ஏத்தி முன்னாடி சொல்லியிருந்தாங்க. 2012-ல வந்த ஆய்வு ஒரு குண்டைப் போட்டுச்சு. அந்த ஆன்டிபாடிகள்ல பல, 'ஏ' ரத்த வகைக்காரங்களோட நரம்பு செல்லுல இருக்கிற ரத்த வகைக் குறியிலயே போய் ஒட்டியிருக்கு! சாயம் ஏறினது நிஜம். அது வைரஸ்தான்னு நினைச்சதுதான் தப்பு.

சரி, நமக்கென்ன? இருக்கு பாஸ். உயிரோட இருக்கிற ஆளோட நரம்பு முடிச்சை வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது. மனுஷங்ககிட்ட நடந்த இந்த ஆய்வெல்லாம் பெரும்பாலும் இறந்தவங்க உடல்ல இருந்து எடுத்த திசுவுலதான். ரத்த டெஸ்ட், உங்க உடம்பு வைரஸைச் சந்திச்சிருக்கான்னு சொல்லும். புண்ணுல எடுக்கிற ஸ்வாப், இப்போ வெளியில இருக்கான்னு சொல்லும். உள்ளே தூங்குதான்னு ரெண்டுமே பார்க்கிறதில்லை. 2020-ல சியாட்டில் விஞ்ஞானிகள், ஜீன் வெட்டும் முறையில எலியோட ஒரு நரம்பு முடிச்சுல இருந்து 90 சதவிகிதத்துக்கும் மேல வைரஸை ஒழிச்சாங்க. அதையும் நரம்பு முடிச்சை எடுத்து எண்ணித்தான் சொன்னாங்க. அதனால, 'வேரோட ஒழிக்கிறோம்'னு யாராவது காசு கேட்டா, 'வேரை எப்படிப் பார்த்தீங்க?'ன்னு கேளுங்க.

ஏசைக்ளோவிர் மாதிரி மருந்து, முழிச்சுப் பெருகுற வைரஸைத்தான் அடக்கும். புண் இருக்கிறப்போ டம்ளர், லிப் பாம் ஷேர் பண்ணாதீங்க. பச்சைக் குழந்தைக்கு முத்தம் வேண்டவே வேண்டாம். கண்ணுல வலி, சிவப்பு வந்தா உடனே டாக்டர்.

மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சுக்கிட்டு வோல்டேஜ் தேடினா என்ன கிடைக்கும்? இனி எந்த ரிப்போர்ட்ல 'நெகட்டிவ்' பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்டுக்கங்க: எதை, எங்கே, எதை வச்சுத் தேடினாங்க? வர்ட்டா!