வேடத்துக்கு லட்சம், நந்தனுக்கு?

முதலாளிப் பத்திரிகைகளுக்குக் கே.பி. சுந்தராம்பாள் என்றாலே 'லட்ச ரூபாய் நடிகை'தான். 1935இல் 'நந்தனார்' படத்துக்கு அவர் பெற்ற தொகை அது. பெறட்டும்! வயிற்றுக்காக ரயிலில் பாடிய சிறுமி அவர். எண்ணூர் ரயிலில் அன்றாடம் போய்வரும் நமக்கு அந்தப் பசி தெரியும்.

ஆனால் அவர் போட்ட வேடம் யாருடையது, தோழர்களே? சிதம்பரம் போக ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் கெஞ்சிய பண்ணையாளுடையது! ஒரே இரவில் 40 வேலி விளைத்து அறுத்துவிட்டுப் போ என்றான் ஆண்டை. பூதகணங்கள் வந்து முடித்தனவாம். நம் வயலுக்கு எந்தப் பூதமும் வந்ததில்லை. கடைசியில் தீயில் இறங்கித்தான் நந்தன் கோயிலுக்குள் போனான்.

கொட்டகையில் கண்ணைத் துடைத்த மிராசுதார்கள் களத்தில் ஒரு படி நெல் கூட்டினார்களா? 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்களில் 44 பேரை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அந்தத் தீயையும் பக்தி என்பார்களா இந்தப் பத்திரிகைக்காரர்கள்? பதில் சொல்லட்டும்!