கோலப்போட்டிக்கு மட்டும்தானா நாங்க?

இந்தத் தடவை 'என் கருத்து' பகுதி எனக்குக் கிடைத்திருக்கிறது. வழக்கமாக இதில் மரம் வளர்ப்போம், பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்று எழுதுவார்கள். அதுவும் நல்லதுதான். நான் நம்ம ஊர் கிரிக்கெட் கிளப்பைப் பற்றி எழுதுகிறேன்.

பொங்கலுக்கு கிளப் அண்ணன்கள் வீடு வீடாக வசூலுக்கு வருவார்கள். எங்க வீட்டிலும் கொடுப்போம், உங்க வீட்டிலும் கொடுப்பீர்கள். ஆம்பளப் பிள்ளை இருக்கிற வீடு, பொம்பளப் பிள்ளை இருக்கிற வீடு என்று வசூலில் வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் எல்லாம் நோட்டீஸில்தான் வரும். ஆண்களுக்கு: கிரிக்கெட், கபடி, வழுக்கு மரம், ஸ்லோ சைக்கிள். பெண்களுக்கு: கோலப்போட்டி, மியூசிக்கல் சேர், லெமன் அண்டு ஸ்பூன். கோலத்தை நான் குறை சொல்லவில்லை, எங்க அக்கா 21 புள்ளிக் கோலம் போட்டு குக்கர் வாங்கியிருக்கிறாள். ஆனால் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து நடப்பது என்ன விளையாட்டு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

போன பொங்கலுக்கு முதல் தடவையாக 'மகளிர் கிரிக்கெட்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். சந்தோஷமாகப் போனோம். 5 ஓவர் மேட்ச். மைக்கில் ஒரு அண்ணன், "பந்து அந்தப் பக்கம் போகுது, வீராங்கனை இந்தப் பக்கம் போறாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஊரே சிரித்தது. நான் 7 ரன் அடித்தேன், அதை யாரும் மைக்கில் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்களைப் பொட்டலுக்கு யாரும் கூப்பிடவில்லை. நாங்களாகப் போய்க் கேட்டால், "அன்னைக்குத்தான் பார்த்தோமே, உங்களுக்கு ஆட வரலையே" என்கிறார்கள்.

எப்படிண்ணே வரும்? நீங்கள் தினமும் நாலரை மணியிலிருந்து பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகிறவரைக்கும் ஆடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூராவும் ஆடுகிறீர்கள். நாங்கள் வருஷத்துக்கு 5 ஓவர். வருஷம் முழுக்கப் பாடமே நடத்தாமல் பரீட்சையை மட்டும் வைத்துவிட்டு, மார்க் கம்மி என்று சொன்னால் அது நியாயமா?

அதனால் என் கருத்து என்னவென்றால், எங்களுக்குப் பொங்கல் மேட்ச் வேண்டாம். அதை எடுத்துவிட்டாலும் பரவாயில்லை. வாரத்தில் இரண்டு நாள் பொட்டல் வேண்டும்.

2025 நவம்பர் 2-ம் தேதி ராத்திரி ஞாபகம் இருக்கா? நவி மும்பையில் பெண்கள் உலகக்கோப்பை இறுதிப் போட்டி. மழையால் தாமதமாக ஆரம்பித்து, முடிய நடுராத்திரி ஆகிவிட்டது. தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் நம் பெண்கள் ஜெயித்தார்கள். ஷஃபாலி வர்மா 87 ரன், இரண்டு விக்கெட். தீப்தி சர்மா 58 ரன், ஐந்து விக்கெட். கிளப் அண்ணன்களும் கண் முழித்துப் பார்த்தார்கள், வெடி போட்டார்கள். காலையில் வீதியெல்லாம் வெடிக் காகிதம். அன்றைக்குச் சாயங்காலமும் பொட்டலில் ஆடியது அவர்கள் மட்டும்தான்.

அந்த ஷஃபாலியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹரியானாவில் ரோத்தக் அவர் ஊர். சின்ன வயதில் அவர் அப்பா கிரிக்கெட் பழகக் கூட்டிக்கொண்டு போன இடங்களில் பொண்ணுங்களைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் தலைமுடியைப் பையன் மாதிரி வெட்டிக்கொண்டு பையன்களோடு ஆடிப் பழகினார். இதைப் பெரிய சாதனையாக எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கும்போது கோபம்தான் வருகிறது. ஒரு பிள்ளை பந்து அடிக்க எதற்கு முடியை வெட்ட வேண்டும்? எனக்கு என் சடையும் வேண்டும், பேட்டும் வேண்டும்.

தீப்தி சர்மா கதை வேறு. ஆக்ராவில் அண்ணன் பயிற்சி செய்கிற மைதானத்துக்குக் கூடவே போயிருக்கிறார். ஒருநாள் தன் பக்கம் வந்த பந்தை எடுத்து எறிந்தார், அது தூரத்தில் இருந்து நேராக ஸ்டம்பில் பட்டது. அதைப் பார்த்தவர் இந்திய அணியில் ஆடிய ஹேமலதா காலா. இந்தப் பெண்ணை ஆட விடுங்கள் என்று சொன்னார். எறிகிற கை தீப்தியோடது. ஆனால் மைதானத்துப் பக்கமே வராதே என்று வீட்டில் சொல்லியிருந்தால் அந்தக் கை யாருக்குத் தெரிந்திருக்கும்?

நம்ம பக்கத்துப் பிள்ளையும் இருக்கிறார். மதுரை கமலினி. 2024 டிசம்பரில் பெண்கள் பிரீமியர் லீக் ஏலத்தில் மும்பை அணி அவரை 1 கோடியே 60 லட்சத்துக்கு எடுத்தபோது வயது 16. நம்மைவிட இரண்டு வயதுதான் கூட. அந்தக் கோடியை எல்லாரும் பேசுகிறார்கள். அவர் கிரிக்கெட்டுக்காகக் குடும்பம் மதுரையை விட்டுச் சென்னைக்குப் போனதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எங்க அப்பா எனக்காகச் சென்னைக்கு எப்படிப் போவார்? மாட்டை யார் பார்ப்பது? பெரும்பாலான வீடு அப்படித்தான். அதனால்தான் ஊர் கிளப்பைக் கேட்கிறேன். பொட்டல் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

கிரிக்கெட் ஆம்பளைங்க விளையாட்டு என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பொது அறிவுச் செய்தி. முதல் உலகக்கோப்பை நடந்தது பெண்களுக்குத்தான், 1973-ல், இங்கிலாந்தில். ஆண்களுக்கு 1975-ல்தான். பந்து கனம் என்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஆண்கள் பந்து 156 முதல் 163 கிராம், பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம். விதியிலேயே அப்படித்தான். நாங்கள் கேட்பதோ டென்னிஸ் பந்து. ஒரு குடம் தண்ணீர் இடுப்பில் எவ்வளவு கனம் என்று இவர்கள் தூக்கிப் பார்க்கட்டும்.

வெயிலில் கறுத்துப் போவீங்க என்பார்கள். கடலைக் காட்டில் களை எடுக்கும்போது அதே வெயில்தான், அப்போது யாரும் சொல்வதில்லை. கை கால் ஒடிஞ்சால் யார் கட்டிக்குவா என்று எங்க அப்பத்தா கேட்கும். அப்பத்தாவிடம் இதற்குப் பதில் சொல்ல முடியாது, வெற்றிலை இடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

உண்மையான காரணம் வேறு. ஆறாம் வகுப்பு வரைக்கும் எங்களை யாரும் தடுத்ததே இல்லை. முள்ளுக்குள் போன பந்தை எடுக்க ஆள் வேண்டுமே! சடங்கு சுற்றின மறுவாரத்திலிருந்து அதே பொட்டல் வழியாகப் போனால்கூட ஏன் அங்க போற என்று கேட்கிறார்கள். (இந்த வரியை டீச்சர் வெட்டாமல் விட்டதற்கு நன்றி.) பொட்டல் மாறவில்லை, ஆடுகிற அண்ணன்களும் நம்ம சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள்தான். பெரியவர்கள் பயப்படுவதும் எனக்குப் புரிகிறது. இருட்டிவிடும், ஒதுங்க இடமில்லை, யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள். பயத்துக்கு வழி பண்ணலாம். ஆடாதே என்பது வழி இல்லை.

நான் நினைப்பது இது. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் நாலரை முதல் ஐந்தே முக்கால் வரை எங்களுக்கு. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விடலாம். அதற்கு மேல் அண்ணன்கள் ஆடட்டும், அவர்களை யாரும் தேட மாட்டார்கள். துப்பட்டா தடுக்கும், அதனால் பள்ளி விளையாட்டு உடுப்பு. பொட்டலுக்குப் பக்கத்தில்தான் நம் பள்ளி, கழிப்பறைச் சாவியை அந்த நேரத்துக்கு மட்டும் கொடுக்கச் சொல்லி தலைமையாசிரியரிடம் கேட்கலாம். காலேஜ் போகிற அக்கா யாராவது ஒருவர் கூட நின்றால் அம்மாக்களுக்குத் தைரியமாக இருக்கும். கிளப்பிலிருந்து ஒரு அண்ணன் வந்து பந்து போடச் சொல்லிக் கொடுத்தால் போதும். மைக் அண்ணன் வர வேண்டாம்.

இதைக் கேட்கப் போன வாரம் கிளப் அண்ணன் ஒருவரிடம் போனோம். "பதினோரு பேர் சேர்த்துக்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். இதுவரை எட்டுப் பேர் இருக்கிறோம். மூன்று பேர் வேண்டும். ஏழாம் வகுப்பிலிருந்து யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம், பேட் பிடித்திருக்க வேண்டும் என்பது கூட இல்லை. வீட்டில் கேட்டுவிட்டு வியாழக்கிழமை மதிய இடைவேளையில் வேப்பமரத்தடிக்கு வாருங்கள், நோட்டும் பேனாவும் நான் கொண்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை கிளப் கூட்டம்.

— ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி