கதையில் வந்தவன் பதில் சொன்னால்

வாலிபர் கேள்விப் பெட்டியில் இம்முறை பல தடவை மடித்த ஒரு சிறு தாள் கிடந்தது. பெயர் இல்லை. தரம் 10 என்று மட்டும் இருந்தது. விரும்பிப் பார்க்கும் ஓர் அனிமே தொடரில் வருகிற ஒருவனோடு மனதுக்குள் கதைத்துக் கதைத்துப் பழகியதாம். இப்போது கேட்காத நேரத்திலும் அவன் பதில் சொல்கிறானாம். பேருந்தில் பக்கத்தில் இருக்கிறான், கணிதப் பரீட்சையில் பகிடி விடுகிறான். "இதை டுல்பா என்கிறார்கள். நான் வேண்டுமென்று செய்யவில்லை. இது பேயா, பைத்தியமா? அம்மாவுக்குச் சொல்லவில்லை" என்று முடிகிறது கடிதம்.

பதிலை முதலில் சொல்லிவிடுவோம், விளக்கம் பிறகு வரட்டும். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. "அவன் என் மனதில் இருக்கிறான்" என்று உங்களுக்கே தெரிகிறது. அது பெரிய விஷயம். அது தெரியாமல் போகும் நிலை வேறு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

டுல்பா என்ற சொல்லுக்குத் திபெத்திய மூலம் உண்டு. திபெத்திய பௌத்தத்தில் அது ஞானம் பெற்றவர் எடுக்கும் தோற்றங்களைக் குறிப்பது. மனதால் ஓர் ஆளை உண்டாக்குவது என்ற பொருள் மேற்குலகத்தார் கையில் வந்து சேர்ந்தது. அதைப் பரப்பியவர்களில் ஒருவர் பிரெஞ்சுப் பயணி அலெக்சாந்திரா டேவிட்-நீல், 1924இல் மாறுவேடத்தில் லாசா நகருக்குள் போனவர். கட்டையான, கொழுத்த, சிரித்த முகமுள்ள ஒரு துறவியைத் தியானத்தால் உருவாக்கியதாக அவர் 1929இல் வெளியான தம் நூலில் எழுதினார். பிறகு அந்தத் துறவி மெலிந்து, முகத்தில் ஏளனம் ஏறி, சொல் கேளாமல் போய்விட்டாராம். கலைக்க ஆறு மாதம் போராட வேண்டி வந்ததாம். அது தம் மனமே உண்டாக்கிய மாயத் தோற்றமாக இருக்கலாம் என்பதை அவரும் மறுக்கவில்லை. இந்தக் கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுவார்கள்! எண்ணங்களுக்கு உருவம் உண்டு என்ற கருத்தை அவருக்கு முன்பே மேற்கில் பரப்பியவர்கள் பிரம்மஞான சபையார். அவர்களுடைய தலைமையகம் இருப்பது சென்னை அடையாறில். ஆக, ஏதோ தூரதேசத்து மந்திரம் என்று நாம் நினைப்பது நம் ஊர் வழியாகவும் வந்த ஒன்றுதான்.

மந்திரத்தை விட்டுவிட்டு மனதைப் பார்ப்போம். அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் கற்பனைத் தோழர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளர், 2003இல் வெளியான ஆய்வொன்றுக்காக 50 கதாசிரியர்களிடம் விசாரித்தார். தங்கள் பாத்திரங்கள் தங்களை மீறித் தாமாகவே பேசுவதையும் நடப்பதையும் ஏதோ ஓர் அளவில் அனுபவித்ததாக 92 சதவீதமானோர் சொன்னார்கள். இங்கிலாந்தின் டேர்ஹம் பல்கலைக்கழகத்தார் எடின்பரோ புத்தக விழாவுக்கு வந்த 181 எழுத்தாளர்களைக் கேட்டபோது, 63 சதவீதமானோர் பாத்திரங்களின் குரல் தங்களுக்குக் கேட்பதாகச் சொன்னார்கள். எழுதுகிறவர்களோடு இது நிற்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தார் 1,500க்கு மேற்பட்ட வாசகர்களைக் கேட்டதில், புத்தகத்தை மூடிய பிறகும் பாத்திரத்தின் குரலோ பார்வையோ தம்மோடு கூட வருவதாகச் சொன்னவர்கள் 19 சதவீதம். அம்மாமார் சிறுவயதில் வாசித்த எனிட் பிளைட்டன், கண்ணை மூடினால் பாத்திரங்கள் முன்னால் வந்து நின்று தாமே பேசுவதாக ஓர் உளவியலாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் வைத்தியசாலையில் சேர்க்கவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது? கீபோர்ட் பழகியவர்களைக் கேளுங்கள். முதல் மாதம் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். சில வருடம் போனால், ஆராதனையில் பாடல் இலக்கத்தை அறிவித்த உடனே கை தானாகப் போகும். வாசிப்பது நாம்தான், ஆனால் நாம் வாசிப்பதாக உணர்வதில்லை. ஒருவன் எப்படிப் பேசுவான், எதற்குச் சிரிப்பான் என்று நூற்றுக்கணக்கான மணிநேரம் பார்த்து, அவனோடு உள்ளுக்குள் கதைத்தும் பழகினால் மனதுக்கும் அந்த விரல்பழக்கம் வந்துவிடும். அவன் பதிலை நாம் யோசிக்க வேண்டியதில்லை, தயாராக வந்து விழும். "தானாக" வந்ததால் "வேறொருவர்" சொன்னதுபோல் இருக்கும். டெய்லர் தரும் விளக்கமும் ஏறக்குறைய இதுதான். கடைக்குப் போய் விலையுயர்ந்த சப்பாத்தைக் கையில் எடுத்தவுடன் "உனக்கென்ன விசரா?" என்று அம்மாவின் குரல் உள்ளே கேட்கவில்லையா? அம்மா அப்போது மார்க்கமில் வேலையில் நிற்பார்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேல்ஸ் நாட்டில் டியூவி ரீஸ் என்ற குடும்ப வைத்தியர், துணையை இழந்த 293 பேரைக் கண்டு பேசி 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், இறந்துபோன கணவரோ மனைவியோ பக்கத்தில் இருப்பதை உணர்ந்திருந்தார்கள். சிலர் குரல் கேட்டார்கள், சிலர் உருவத்தையே கண்டார்கள். பெரும்பாலோர் அதை யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. நம் சபையில் போரில் பிள்ளையைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், சகோதரரைக் கடைசியாக ஒரு தரம் பார்க்கவும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். சமையலறையில் தனியே நிற்கும்போது அவர்களுக்கு என்ன கேட்கிறது என்று நாம் கேட்டிருக்கிறோமா? தாதியர் பணியில் இரவு நேரத்தில் இப்படிப்பட்ட வார்த்தைகள் வெளியே வரும். "ஒருத்தருக்கும் சொல்லாதே பிள்ளை" என்ற முன்னுரையோடுதான் வரும். பிள்ளைக்கு அனிமேப் பையன், அம்மம்மாவுக்குப் போய்விட்ட தாத்தா. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே பயத்தோடு வாய் மூடி இருக்கிறார்கள்.

அந்தப் பயம் சும்மா இருக்கும் பயம் அல்ல, அது காரியம் செய்யும். மானிடவியலாளர் தானியா லூர்மனும் சென்னை மனநல வைத்தியர்களும் வேறு சிலரும் சேர்ந்து கடுமையான மனநோயால் குரல்கள் கேட்கும் 60 பேரோடு பேசினார்கள்: கலிபோர்னியாவில் 20, கானாவின் அக்ராவில் 20, சென்னையில் 20. அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் வன்முறையும் திட்டும் நிறைந்த அந்நியக் குரல்கள். சென்னையில் பலருக்குக் கேட்டவை உறவினரின் குரல்கள். குளி, சமை, வீட்டைக் கூட்டு என்று ஏவும் குரல்கள். ஏச்சும் இருந்தது, ஆனால் அது குடும்பத்து ஏச்சு. சுற்றி இருப்பவர்கள் குரலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பது குரலின் குணத்தையே மாற்றக்கூடும் என்று அந்த ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். நோயில் இருப்பவர்களுக்கே அப்படியென்றால், நோயில்லாத பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் கைவைத்து, "உன்னில் இருக்கிறவன் யார், பேரைச் சொல்" என்று அதட்டுவது என்ன செய்யும்? கற்பனைத் தோழன் பிசாசாகும். கவனம் கொடுக்கக் கொடுக்க வளருவது கற்பனை. பயத்தைவிடக் கூர்மையான கவனம் எது?

பிள்ளையோடு ஜெபியுங்கள், தாராளமாக. பிள்ளைக்காக ஜெபியுங்கள். உள்ளே இருப்பவனோடு வாக்குவாதம் செய்யும் இராமுழுக்க ஜெபத்தை மட்டும் வேண்டாம் என்கிறோம். இதில் நம்மோடு உடன்படாதவர்கள் சபையில் உண்டு என்பது தெரியும்.

இனி, கடிதத்தில் இல்லாவிட்டாலும் வாலிபர் கூட்டத்தில் எப்படியும் எழும் கேள்வி: அப்படியென்றால் நாங்கள் ஜெபத்தில் கேட்பதும் எங்கள் மனம் உண்டாக்கியதுதானா? இதைக் கேட்கிற பிள்ளையை அவிசுவாசி என்று வாயடைக்காதீர்கள், கேள்வி நியாயமானது. இதற்கு நம் ரொறன்ரோவிலேயே நடந்த ஒரு சம்பவம் உதவும். 1972இல் இங்கே எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு, பிலிப் என்ற 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பிரபுவைக் கற்பனையில் உண்டாக்கியது. வாழ்க்கை வரலாறு முழுவதும் அவர்களே இட்டுக்கட்டியது. பிறகு வட்டமாக உட்கார்ந்து அவரோடு தொடர்புகொள்ள முயன்றார்கள். நெடுநாள் ஒன்றும் நடக்கவில்லை. பின்னர் பழைய ஆவி அழைப்புக் கூட்டம்போல் மேசையில் கைவைத்து உட்கார்ந்தபோது தட்டல் சத்தம் கேட்டது, மேசை நகர்ந்தது, "பிலிப்" கேள்விகளுக்குப் பதில் தட்டினார். மேசை நகர்வதைப் பற்றி 1853இலேயே ஒருவர் சோதித்திருந்தார். மின்சாரத்தை ஆராய்ந்த மைக்கேல் பரடே, தம் சபையில் மூப்பராகவும் ஊழியம் செய்த விசுவாசி. நகர்வது மேசையல்ல, கையே முதலில் தள்ளுகிறது, தள்ளுகிறவருக்கு அது தெரிவதில்லை என்று அவர் காட்டினார். பிலிப்பிடம் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று: உண்டாக்கியவர்கள் அறிந்ததற்கு மேல் அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தை இதோடு வைத்து வாசித்துப் பாருங்கள். இரவில் குரல் கேட்ட பையன் ஏலியிடம் ஓடுகிறான். ஒருமுறையல்ல, மூன்று முறை. ஏலி ஏசவுமில்லை, பயப்படவுமில்லை, போய்ப் படு என்கிறார். மூன்றாம் முறைதான் அவருக்கே விளங்குகிறது. பையன் கடைசியில் கேட்ட செய்தியோ, அவனுக்குப் பிடித்த செய்தி அல்ல. தன்னை வளர்த்தவரின் வீட்டுக்கு எதிரான செய்தி, விடியும்வரை சொல்லப் பயந்தான். அதையும் ஏலி கேட்டு வாங்கி, ஏற்றுக்கொண்டார். நாம் உண்டாக்குகிற தோழன் இப்படிச் செய்யமாட்டான். நமக்குத் தெரிந்ததையே, பெரும்பாலும் நமக்கு இதமாக இருக்கிற அளவில் சொல்வான். இது பூரணமான அளவுகோல் என்று சொல்லவில்லை. ஆனால் சாமுவேலுக்கும் ஓர் ஏலி வேண்டியிருந்தது.

சரி, என்ன செய்யலாம்? சண்டை பிடிக்க வேண்டாம். டேவிட்-நீலுக்குத் தம் துறவியைக் கலைக்க ஆறு மாதம் போராட வேண்டி வந்தது. வந்தால் வரட்டும், பதில் சொல்லாமல் செய்கிற வேலையைத் தொடருங்கள். படுக்கையில் விளக்கை அணைத்துவிட்டு அவனோடு கதைக்கும் அரை மணிநேரத்தை முதலில் குறையுங்கள், பழக்கம் வேர் பிடிப்பது அங்கேதான். நித்திரையைக் காப்பாற்றுங்கள். எழுத வருமென்றால் அவனைத் தாளில் இறக்குங்கள், அவன் செய்யாத பிழைகளையும் செய்யவிடுங்கள். இன்னொன்று, கொஞ்சம் நோகும். மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் டுல்பா வளர்ப்பவர்களை ஆராய்ந்த மானிடவியலாளர் கண்டவர்களில் பலர் கூச்சமும் தனிமையும் உள்ளவர்கள். பாடசாலை மதிய இடைவேளையில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், தம்பி? அல்லது தங்கச்சி? இதற்குப் பதிலை எழுதி அனுப்ப வேண்டியதில்லை.

தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டிய நிலைகளும் உண்டு. குரல் காதுக்கு வெளியிலிருந்து வருவதாகத் தோன்றினால், உன்னையோ பிறரையோ காயப்படுத்து என்று ஏவினால், நிறுத்த நினைத்தும் முடியாவிட்டால், யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற எண்ணம் சேர்ந்தால், நாட்கணக்கில் நித்திரை இல்லாவிட்டால், புள்ளிகள் சரிந்து நண்பர்களையும் விட்டு விலகினால், பிள்ளை குளிப்பதையும் சாப்பிடுவதையும் விட்டால். கஞ்சா பாவித்தால் இன்னும் அவதானம் தேவை. மனநோய்கள் பல பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலுமே தொடங்குகின்றன, தொடக்கத்திலேயே சிகிச்சை எடுத்தால் பலன் அதிகம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தால் 988 இலக்கத்தை அழைக்கலாம், எந்த நேரமும். கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் இலக்கம் 1-800-668-6868.

குடும்ப வைத்தியரிடம் போகும்போது ஒரு சிக்கல் வரும். நாம் "குரல் கேட்குது" என்று தமிழில் சொல்வதை அப்படியே ஆங்கிலத்துக்குத் திருப்பினால், வைத்தியர் காதில் அது மனநோயின் அடையாளமாக விழும். உள்ளே நினைவாக வருகிறதா, வெளியே சத்தமாகக் கேட்கிறதா என்று பிரித்துச் சொல்லுங்கள். எப்போது தொடங்கியது, ஒரு நாளில் எவ்வளவு நேரம், நிறுத்த முடிகிறதா, இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தடங்கலென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் எடுக்கும்போதே கேளுங்கள், தன் கதையைத் தானே மொழிபெயர்க்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். பிள்ளை கொஞ்ச நேரம் வைத்தியரோடு தனியாகப் பேச விரும்பினால், அப்பா வெளியே கதிரையில் இருக்கட்டும். ஒன்ராறியோவில் சிகிச்சைக்குச் சம்மதம் கொடுக்க இத்தனை வயது என்று சட்டத்தில் எல்லை இல்லை. விளங்கி முடிவெடுக்கும் ஆற்றல் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.