துருவைச் சுரண்டுமுன்

கிளிநொச்சியில், ஏ-9 வீதியோரத்துப் பழைய இரும்புக் கடையொன்றில் அண்மையில் ஓர் உளி வாங்கினேன். தராசில் போட்டுத்தான் விலை சொன்னார் கடைக்காரர். பிடியில் சூட்டுக்கோலால் இட்ட இரண்டு எழுத்துகள். "மினுக்கித் தரட்டே ஐயா? கிறைண்டர் பிடிச்சால் புதுச்சாமான் மாதிரி வரும்" என்றார். பதறிப்போய்ப் பறித்துக்கொண்டேன்.

அவர்மீது எனக்குக் கோபமில்லை. 2009க்குப் பின் வன்னியில் இரும்பு பொறுக்கிச் சோறுண்டவர்கள் அனேகர். வெடிபொருளில் கை போனவர்களும் அவர்களுள் உண்டு. என் வழக்கு, விடுமுறைக்கு வந்து வரவேற்பறைச் சுவருக்கென்று 'பளபளப்பான பழசு' கேட்கும் நம்மவரோடுதான்.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பழஞ்சந்தையில் ஸ்ரான்லிச் சீவுளியொன்று அகப்பட்டால் என்ன செய்கிறீர்கள்? அலகின் முத்திரையையும் வார்ப்பிலுள்ள காப்புரிமைத் திகதியையும் உருப்பெருக்கி வைத்துத் தேடுகிறீர்கள். டிஸ்ரன் வாளென்றால் பிடியிலுள்ள பித்தளை வில்லையைப் பார்த்துக் காலத்தைக் கணிக்கிறீர்கள். அங்கே துருவைத் தொடவே அஞ்சும் கை, வன்னிக் கம்மாலையின் உளிக்கு மாத்திரம் கிறைண்டர் கேட்பானேன்? பிலடெல்பியாவுக்குச் சரித்திரம் உண்டு, விசுவமடுவுக்கு இல்லையா?

வன்னியிலும் சின்னமிட்ட சாமான்கள் கிடைக்கும். முதலைச் சின்ன மண்வெட்டி இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ரனிலிருந்து வந்தது. அதை எவரும் அடையாளம் காண்பர். ஆனால் கூடுதலாகப் பேசுவது சின்னமில்லாத இரும்புதான். 1990 முதல் 2002 போர்நிறுத்தம் வரை இப்பிரதேசம் பொருளாதாரத் தடைக்குள் கிடந்தது. இரும்பு வராத நாளில் கொல்லர் லொறியின் வில்லுத்தகட்டைக் காய்ச்சிக் கத்தியும் உளியும் அடித்தனர். பழங்கத்தியின் முதுகைச் சாய்ந்த வெயிலில் பிடித்துப் பாருங்கள்: தகடுகளை இறுக்கிய ஆணித்துளை, அடித்து மூடிய வடுவாகச் சிலவேளை தெரியும். ரயில் நின்றுபோன பாதையின் தண்டவாளத் துண்டு பட்டடைக்கல்லாகியிருக்கும். பிடி முதிரையா பாலையா என்பதை மரத்தின் நிறமும் பாரமும் சொல்லும். கிறைண்டர் முதலில் தின்பது இவற்றைத்தான்.

அடுத்துப் போவது உரிமையாளரின் குறி. மாட்டுக்குக் குறிசுடுவதுபோல ஆயுதப் பிடியிலும் முதலெழுத்தைச் சுடுவது நம் தச்சர் வழக்கம். 2009இல் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களுக்குள் வந்து சேர்ந்தனர், பெரும்பாலானோர் வவுனியா மெனிக் பாமுக்கு. அவர்களில் எத்தனை தச்சர் உளிப்பெட்டியைச் சுமந்து வந்திருப்பர்? பெட்டி கிடந்த இடத்தில் கிடந்தது. பின்னர் கிலோக் கணக்கில் போயிற்று.

2025 ஆகஸ்டில் செம்மணிப் புதைகுழியில் எடுத்த உடைமைகளை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். யாராவது அடையாளம் காட்டுவார்களா என்பதற்காக. அதையும் இரும்புக் கடை உளியையும் ஒப்பிடலாமா என்று சண்டைக்கு வருவோர் வரட்டும். தகப்பனின் கைப்பட்ட சாமான் எதுவும் மிஞ்சாத பிள்ளைகளிடம் போய் அந்தச் சண்டையைப் போடட்டும்.

அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இருக்கின்றன. இவற்றை எடை போடுமுன் படம் பிடித்துப் பதிவுசெய்ய ஓர் அறையும் நாலு மாணவரும் போதும். வாங்குவோர், எந்த ஊர் மூட்டையில் வந்தது என்று கேட்டுத் துண்டொன்றில் எழுதி வையுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

என் உளியில் உள்ள எழுத்துகள் 'க. சி.' விசுவமடுப் பக்கத்து மூட்டையில் கிடந்ததாம். பிடி முதிரை, அடிப்பக்கம் பிளந்து கம்பி சுற்றியிருக்கிறது. தெரிந்தவர் எழுதுங்கள், சாமானைக் கொண்டுவந்து தருகிறேன்.